டாக்கரில் கிளம்பிய கப்பலுக்குத் தமிழ் சப்டைட்டில் போடுவது எப்படி

வீட்டு மாடியில் போடுகிற படத்துக்கு அடித்த நோட்டீஸில் முதல் சொல் பிரிண்ட் விழவில்லை என்று மூன்று பேர் போன் செய்தார்கள். எல்லாம் விழுந்துதான் இருந்தது. "… வீட்டுக் கறுப்புப் பெண்" என்று நான்தான் முன்னால் மூன்று புள்ளி வைத்து அடித்திருந்தேன்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலைச் சேர்ந்த உஸ்மான் செம்பேன் 1966-இல் எடுத்த படம் அது. பிரெஞ்சில் அதன் பெயர் 'லா நுவார் த…'. இன்னாருடைய கறுப்புப் பெண் என்று சொல்ல வந்து, அந்த இன்னார் யார் என்று சொல்லாமல் விட்ட பெயர். பிரெஞ்சில் அந்த ஓட்டை கடைசியில் விழுகிறது. தமிழில் உடையவன் முன்னால் வருவான், உடைமை பின்னால் வரும். அதனால் ஓட்டையும் முன்னால் போய்விட்டது. ஆங்கிலத்தில் 'பிளாக் கேர்ள்' என்று வைத்து ஓட்டையையே அடைத்துவிட்டார்கள். எனக்கு அடைக்க மனசு வரவில்லை. போன் செய்தவர்கள் மூன்று பேரும் படத்துக்கு வந்தார்கள் என்பது தனிக் கணக்கு.

நான் கடலூர்ப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ், இதுதான் பிழைப்பு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு மாடியில் புரொஜெக்டர் வைத்து, தெரிந்தவர்கள் பத்துப் பதினைந்து பேருக்குப் படம் போடுவேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கில எழுத்து ஓடுகிற வேகத்துக்குப் படிக்க வராது. அதனால் சப்டைட்டிலை நானே தமிழில் போடப் பழகினேன். நீங்களும் போடலாம். தமிழ் டைப்பிங் தெரிந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எதை எடுப்பது

கறுப்பின இயக்குநர்கள் எடுத்த பயணப் படங்கள் என்று தேட ஆரம்பித்தால் அமெரிக்கா, இங்கிலாந்து, மார்த்தினிக், ஹெயிட்டி என்று கடல் மாதிரி விரியும். ஜூலி டேஷ் எடுத்த 'டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்' (1991) எனக்கு உயிர். 1902-இல் அமெரிக்காவின் தெற்குக் கரையோரத் தீவில் இருந்த ஒரு கறுப்பினக் குடும்பம் வடக்கே கிளம்புவதற்கு முந்தைய நாள்களைப் பற்றிய படம். ஆனால் அந்தத் தீவுக்காரர்கள் பேசுகிற 'கல்லா' என்ற மொழியை நான் இன்னும் தமிழில் தொட்டுப் பார்க்கவில்லை, பயமாக இருக்கிறது. முதல் தடவை செய்கிறவர்களுக்கு என் யோசனை: ஒரே ஒரு துறைமுகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் செனகலின் தலைநகரான டாக்கரைப் பிடித்தேன். ஒரே ஊர், ஒரே கடல், ஐம்பது வருடத்துக்கும் மேலாக அங்கிருந்து கிளம்புகிறவர்கள், கிளம்ப முடியாதவர்கள், திரும்பாதவர்கள். இப்படி வரிசையாகப் போட்டால் ஒரு படத்தில் பார்த்தது அடுத்த படத்தில் தானாக ஞாபகத்துக்கு வரும், நீங்கள் எழுந்து நின்று விளக்க வேண்டியதில்லை.

என் வரிசை: முதலில் 'லா நுவார் த…'. அடுத்த மாதம் செம்பேனின் 'மந்தாபி' (1968). பிறகு ஜிப்ரில் ஜோப் மாம்பெத்தியின் 'தூக்கி பூக்கி' (1973), அதே ராத்திரி அதோடு சேர்த்து மாத்தி ஜோப்பின் 45 நிமிடப் படம் 'மில் சொலேய்' (2013). மாத்தி ஜோப், மாம்பெத்தியின் தம்பி மகள். பெரியப்பா படத்தில் நடித்தவரையே நாற்பது வருடம் கழித்துத் தேடிப்போய் எடுத்த படம் என்பதால் இரண்டையும் பிரிக்கவே கூடாது. அதன்பின் மாத்தி ஜோப்பின் 'அத்லாந்திக்' (2019). கடைசியில் அவருடைய 'தாஹோமே' (2024), இது மட்டும் டாக்கரில் கிளம்புகிற கதை இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பார்ப்பது வேறு. மண்டபத்திலோ கல்லூரியிலோ போடுவதானால் உரிமை வைத்திருப்பவர்களுக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். செம்பேன், மாம்பெத்தி படங்கள் சுத்தப்படுத்தி மீட்டெடுத்த பிரதியாகவே டிஸ்க்கில் கிடைக்கின்றன. அதையே வாங்குங்கள். மங்கலான பிரதியில் செம்பேனின் வெள்ளைச் சுவர் சாம்பலாகத் தெரியும், படமே போச்சு.

எழுத்து உடையாமல் இருக்க

சப்டைட்டில் ஃபைல் என்பது வெறும் டெக்ஸ்ட் ஃபைல். வரிசை எண், ஆரம்பிக்கிற நேரம், முடிகிற நேரம், வரி. அவ்வளவுதான். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் ஆங்கில ஃபைலைத் திறந்தால் நேரம் ஏற்கெனவே இருக்கும், வரியை மட்டும் மாற்றினால் போதும். பத்திரிகை அடிக்கிற பழைய ஃபான்ட்டில் அடிக்காதீர்கள், யூனிகோடில்தான் அடிக்க வேண்டும். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் தடவை நான் பென்டிரைவை நேராக டிவியில் செருகினேன். "கொண்டு வா" என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். புள்ளியெல்லாம் எழுத்தை விட்டு இறங்கித் தனியாக நின்றது. பல டிவிகளுக்குத் தமிழ் எழுத்தைக் கோத்துக் காட்டத் தெரியாது. லேப்டாப்பில் விஎல்சி-யில் ஓட்டி, ஃபான்ட்டை நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றினால் ஒழுங்காக வரும். டிவியில்தான் போட்டாக வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக்கில் எழுத்தைப் படத்தோடு பதித்துவிடுங்கள்.

நீளம் முக்கியம். தமிழ்ச் சொல் நீளமானது. ஒரு வரியில் நாலு, மிஞ்சிப் போனால் ஐந்து சொல். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு நொடிக்குக் குறைவாக எதையும் காட்டாதீர்கள். ஏழு நொடிக்கு மேல் நிறுத்தினால் ஜனங்கள் இரண்டாவது தடவை படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சாய்வெழுத்து கூடவே கூடாது. ஆங்கிலத்தில் மனசுக்குள் பேசுவதைச் சாய்த்துப் போடுகிறார்கள். தமிழைச் சாய்த்தால் காற்றடித்த தென்னந்தோப்பு மாதிரி இருக்கும். அதற்கு நான் என்ன செய்தேன் என்று கீழே வருகிறது.

ஜுவானாவுக்கு இரண்டு குரல்

இங்கேதான் நான் மூன்று வாரம் சிக்கிக்கொண்டேன்.

ஜுவானா டாக்கரில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள். அவர்கள் பிரான்சுக்குத் திரும்பிய பிறகு அவளையும் வரவழைக்கிறார்கள். கப்பலில் வந்து இறங்குகிறாள். கடலோர ஊரான ஆந்திப்பில் அடுக்குமாடி வீடு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்ததாக நினைத்தவளுக்குச் சமையல், துணி, பாத்ரூம். பிரான்சில் அவள் பார்ப்பது கிட்டத்தட்ட அந்த வீட்டை மட்டும்தான்.

வாயைத் திறந்து அவள் சொல்வது ரொம்பக் கொஞ்சம். பெரும்பாலும் "வீ, முஸ்யே", "வீ, மதாம்", அதாவது ஆமாம் ஐயா, ஆமாம் அம்மா. ஆனால் படம் முழுக்க அவள் மனசுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறாள், அழகான, முழு முழு வாக்கியமாக, பிரெஞ்சில். எழுதப் படிக்கத் தெரியாத, செனகல் மொழியான வொலோஃப் பேசுகிற பெண்ணின் மனசு பிரெஞ்சில் எப்படிப் பேசும்? பேசாது. நடித்தவர் செனகலைச் சேர்ந்த எம்பிசின் தெரேஸ் ஜோப். அந்தக் குரல் ஹெயிட்டியைச் சேர்ந்த தோத்தோ பிசேந்த் என்ற நடிகையுடையது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்த நாட்டுக்காரர், ஆப்பிரிக்காவிலிருந்து இன்னொரு கப்பலில் வந்தவளுக்குக் குரல் கொடுக்கிறார். இது தெரிந்தபிறகு அந்தக் குரலுக்கு எந்த ஊர்ப் பேச்சைக் கொடுப்பது என்ற கேள்வியே மாறிப்போனது. எங்கள் பக்கத்துப் பேச்சில் போட்டால் அவள் எங்கள் தெருப் பெண் ஆகிவிடுவாள். அது வேண்டாம்.

புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் இருக்கிறார், ரிட்டயர் ஆனவர். போன் போட்டேன்.

"சார், வாயால பேசுற எடத்துல 'ஆமாம் ஐயா'ன்னு போட்டிருக்கேன். சரியா இருக்குங்களா?"

"தம்பி, 'ஆமாம் ஐயா' சொல்றவ இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லுவா போல இருக்கு. இவளுக்கு அங்க வாயில வர்றதே அவ்வளவுதான். இன்னும் சின்னதா ஆக்கு."

"'சரிங்க'ன்னு வைக்கட்டுங்களா?"

"வை. 'முசியே'யை அப்படியே விட்டுடு. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தைதான்."

"சரிங்க, முசியே." படம் முழுக்க அதையே திரும்பத் திரும்பப் போட்டேன். ஒரு இடத்தில்கூட மாற்றவில்லை. சப்டைட்டில் போடுகிறவனுக்கு ஒரே வரியைத் திரும்பப் போடும்போது கை அரிக்கும், வேறு மாதிரி எழுதலாமே என்று. அரிப்பை அடக்குங்கள். அவளிடம் இருப்பது அந்த ஒரு வரிதான்.

மனக்குரலுக்கு எந்த ஊர் வாசனையும் இல்லாத, எளிமையான எழுத்துத் தமிழ். "எனக்காக யாராவது வந்திருப்பார்களா?" இந்த மாதிரி. சாய்க்க முடியாது என்றேன் அல்லவா, அதனால் நிறத்தை மாற்றினேன். வாயால் பேசுவது வெள்ளை, மனசுக்குள் பேசுவது வெளிர் மஞ்சள். சப்டைட்டில் ஃபைலில் நிறக் குறி கொடுத்தால் விஎல்சி காட்டும். கால் மணி நேரத்தில் மாடியில் இருந்தவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. அரை மணி நேரம் போனதும் முன்வரிசையில் இருந்த ஒரு பையன் கத்தினான்: "அண்ணே, எல்லாமே மஞ்சளாத்தான் இருக்கு!" ஆமாம். அதுதான் படம்.

அடுத்த சிக்கல் நீ, நீங்கள். ஆங்கில சப்டைட்டிலை வைத்துக்கொண்டு வேலை செய்தால் இதில் உதவி கிடைக்காது, அங்கே எல்லாரும் 'யூ'. பிரெஞ்சில் மரியாதைக்கு ஒன்று, நெருக்கத்துக்கோ அதட்டலுக்கோ ஒன்று என்று இரண்டு உண்டு. பிரெஞ்சு தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தடவை கேட்டுவிடுங்கள். குதிகால் செருப்போடு வீட்டைத் துடைத்துக்கொண்டிருப்பவளிடம் மதாம் அதைக் கழற்றச் சொல்கிற காட்சியில் "கழட்டு. நீ வேலைக்காரி" என்று வைத்தேன். மதாம் நல்லவளாக நடந்துகொள்கிற டாக்கர் காட்சிகளிலும் 'நீ'தான். ஒரே சொல் அங்கே பாசமாகக் கேட்டது, இங்கே அறை மாதிரி விழுந்தது. இது தமிழ் நமக்குக் கொடுத்த லாபம்.

கடிதக் காட்சியில் கைவைக்காதீர்கள். ஊரிலிருந்து அம்மாவின் கடிதம் வருகிறது. அம்மா சொல்லி வேறு யாரோ எழுதியது. அதை முசியே படிக்கிறார், அவளுக்காக. பிறகு பதிலையும் அவரே எழுத ஆரம்பிக்கிறார், அவளைக் கேட்காமலே. அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் இரண்டு பேருடைய கை. ஜுவானா கடிதத்தைக் கிழிக்கிறாள். அந்த நேரத்தில் திரையில் எழுத்தே இருக்கக்கூடாது. நான் முதலில் 'அழுகை' என்றோ என்னமோ அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

குவைத்தில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்த நர்ஸ் அக்கா ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வருவார். படம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "நான் வீட்டுக்குப் போட்ட லெட்டர் எல்லாத்துலயும் ஒரே வரிதான் தம்பி. 'நான் இங்கு நலம்.' அதுக்கு நீ வெள்ளை போடுவியா, மஞ்சள் போடுவியா?"

மணியார்டர்

'மந்தாபி'க்குச் சப்டைட்டில் போடுவது சுலபம், சிரிப்பும் வரும். இது வொலோஃப் மொழியிலேயே செம்பேன் எடுத்த படம். பாரிசில் தெருக்கூட்டுகிற அக்கா மகன் டாக்கரில் இருக்கிற மாமனுக்கு மணியார்டர் அனுப்புகிறான். மொத்தம் 25,000 பிராங்க். அதில் 20,000 அவனுக்காகச் சேர்த்து வைக்க, 3,000 அவன் அம்மாவுக்கு, மாமனுக்கு 2,000. தபாலாபீசில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்று, போட்டோ. பணம் வந்த செய்தி மட்டும் தெரு முழுக்கப் பரவிக் கடன் கேட்க வரிசை நிற்கிறது. தொகையை எல்லாம் இலக்கத்தில் போடுங்கள், எழுத்தில் போட்டால் கணக்குப் போட முடியாது. எங்கள் மாடியில் ஜனங்கள் நிஜமாகவே விரல் விட்டுக் கணக்குப் போட்டார்கள்.

கழுதைப்புலி

'தூக்கி பூக்கி' என்றால் கழுதைப்புலியின் பயணம். வொலோஃப் கதைகளில் பூக்கி என்ற கழுதைப்புலிக்குப் பேராசை, புத்தி மட்டு. முயல்தான் கெட்டிக்காரன். நம் கதைகளில் நரி மாதிரி என்று நினைத்து 'நரியின் பயணம்' என்று போடக் கை போகும். போடாதீர்கள். நரி தந்திரக்காரன், பூக்கி ஏமாளி, இரண்டும் தலைகீழ். இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தப் பூக்கி அடிமைக் கப்பல்களோடு அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கிறது. ஹெயிட்டியில் பாட்டி சொல்கிற கதைகளில் இன்றைக்கும் பூக்கி என்ற பெயரிலேயே ஒரு ஏமாளி உண்டு. கழுதைப்புலியே இல்லாத தீவு, பெயர் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படி ஊர் தாண்டி வந்த சொல்லைத் தமிழ் எல்லைக்குள் வந்ததும் கொன்றுவிடக்கூடாது என்று பூக்கியைப் பூக்கியாகவே விட்டேன். நோட்டீஸில் மட்டும் கீழே சின்ன எழுத்தில் கழுதைப்புலி.

கதை இதுதான்: மாடு மேய்த்த மோரியும் படிக்கிற பெண் அன்தாவும் பாரிசுக்குக் கப்பல் ஏறப் பணம் தேடி அலைகிறார்கள். மோரியின் மோட்டார் சைக்கிளில் மாட்டுக் கொம்பு கட்டியிருக்கும். போகிற வழியெல்லாம் ஜோசஃபின் பேக்கர் பாடுகிற பாரிஸ் பாட்டு. பேக்கர் அமெரிக்காவின் செயின்ட் லூயிசில் பிறந்து, 1925-இல் பாரிசுக்குப் போய்ப் பிழைத்த கறுப்புப் பெண். பாரிஸ் சொர்க்கத்தின் ஒரு மூலை என்று அவர் பாடுவது டாக்கரின் புழுதி ரோட்டில் கேட்கிறது. பாட்டு பலமுறை வருகிறது. ஒவ்வொரு தடவையும் வரிகளைப் போட்டிருந்தேன். ஒரு பெரியவர் இடைவேளையில் கூப்பிட்டு, "யப்பா, படிக்க வச்சுக்கிட்டே இருக்க, எப்ப கேக்க விடுவ?" என்றார். இப்போது முதல் தடவை மட்டும்தான் வரி. அப்புறம் வெறும் பாட்டு. மூன்றாவது தடவை வரும்போது ஜனங்களே முணுமுணுக்கிறார்கள்.

முன்கூட்டியே சொல்லிவிட வேண்டிய விஷயம்: படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மாடு அறுக்கிற இடம் வருகிறது, நிஜமாக அறுக்கிறார்கள். நான் சொல்ல மறந்து, ஒரு குடும்பமே எழுந்து போனது. தப்பு என்னுடையது.

கடைசியில் கப்பல் படியில் மோரி நிற்கிறான். சங்கு ஊதுகிறது. கொலைக்களத்துக்கு இழுத்துப் போகப்படுகிற மாடு நடுவில் வெட்டி வெட்டி வருகிறது. அன்தா ஏறிவிட்டாள். அவன் திரும்பி ஓடுகிறான். ஆங்கில ஃபைலில் சத்தத்துக்கெல்லாம் பெயர் எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். 'கப்பல் சங்கு' என்று எழுத்தில் பார்த்தவனுக்கு அந்தச் சங்குக்குள் மாடு கேட்காது.

பத்து நிமிடம் டீ. செனகலில் பச்சைத் தேயிலையில் மூன்று சுற்று டீ போடுவார்கள், சுற்றுக்குச் சுற்று இனிப்பு ஏறும். ஒரு தடவை முயன்றேன். பால் எங்கே என்று கேட்டார்கள். இப்போது பால் டீதான்.

அப்புறம் விளக்கை அணைத்து உடனே 'மில் சொலேய்'. மோரியாக நடித்த மகாயே நியாங் இப்போது கிழவர், டாக்கர் தெருவில் மாடு ஓட்டிக்கொண்டு வருகிறார். திறந்தவெளியில் 'தூக்கி பூக்கி' போடுகிறார்கள். திரையில் இருப்பது நான்தான் என்கிறார், பிள்ளைகள் நம்பவில்லை. அன்தாவாக நடித்த பெண் உண்மையிலேயே நாட்டை விட்டுப் போய், அலாஸ்கா வரை போய்விட்டார். கிழவர் போன் போடுகிறார். அந்த உரையாடலில் பழைய காதலுக்குரிய 'நீ' போடுவதா, வயதுக்குரிய 'நீங்க' போடுவதா? நான் அவர் பக்கம் 'நீ', அந்தம்மா பக்கம் 'நீங்க'. வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றவில்லை.

பாக்கி

'அத்லாந்திக்' நெட்ஃபிளிக்ஸில் வந்த படம், கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ விருது வாங்கியது. கட்டடம் கட்டிய பையன்களுக்கு மாதக்கணக்கில் கூலி வரவில்லை. ஒரு ராத்திரி ஸ்பெயினைப் பார்த்துப் படகு ஏறிவிடுகிறார்கள். 2006-இல் ஒரே வருடத்தில் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து இப்படி ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் போய் இறங்கினார்கள். வழியில் இறந்துபோனவர்களுக்குச் சரியான கணக்கு கிடையாது. 'பார்சிலோனா, இல்லையென்றால் பரலோகம்' என்ற அர்த்தத்தில் அந்தப் பையன்களுக்கு ஒரு வொலோஃப் வாசகமே உண்டு.

கடலில் செத்துப்போன பையன்களின் ஆவிகள் ஊர்ப் பெண்களின் உடம்பில் ஏறி ராத்திரியில் முதலாளி வீட்டுக்கு வந்து உட்காருகின்றன. பழிவாங்க இல்லை, கூலி கேட்க. இதற்குக் 'கூலி நிலுவைத் தொகை' என்றெல்லாம் போட்டால் லேபர் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும். "எங்க பாக்கியக் குடு." அவ்வளவுதான். நம் ஊர்ப் பேயும் இப்படித்தான் கேட்கும். கடலை மட்டும் காட்டுகிற நீளமான ஷாட்டுகள் வரும். அங்கே யாராவது போனை எடுத்தால் எடுக்கட்டும், நீங்கள் பேசி நிரப்பாதீர்கள்.

இனி 'தாஹோமே'. 1892-இல் பிரெஞ்சுப் படை தாஹோமே என்ற ஆப்பிரிக்க அரசின் அரண்மனையிலிருந்து அள்ளிக்கொண்டு போனவற்றில் 26 பொருள்கள் 2021 நவம்பரில் பாரிசிலிருந்து, அந்த அரசு இருந்த இடத்தில் இப்போது இருக்கிற பெனின் நாட்டுக்குத் திரும்பின. அந்தப் பயணம்தான் படம். 68 நிமிடம். 'லா நுவார் த…' பார்த்தவர்களுக்கு ஜுவானாவின் முகமூடி உடனே ஞாபகம் வரும். டாக்கரில் அவள் மதாமுக்குப் பரிசாகக் கொடுத்தது, பிரான்சு வீட்டின் வெள்ளைச் சுவரில் தனியாகத் தொங்கியது. இங்கே பெட்டிக்குள் அடைத்த, தாஹோமேயை ஆண்ட கெசோ ராஜாவின் சிலை இருட்டில் பேசுகிறது. பெனின் நாட்டு மொழியான 'ஃபோன்' என்பதில் பேசுகிறது, வசனம் எழுதியவர் மக்கென்சி ஓர்செல். அவர் எந்த நாடு என்று பார்த்தேன். ஹெயிட்டி.

பாதிதான் முடித்திருக்கிறேன். சிலை பேசுவது வாய்ப்பேச்சா, மனப்பேச்சா, அதனால் வெள்ளையா மஞ்சளா என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்குப் பெயர் வைக்காமல் 26 என்று எண் மட்டும் போட்டுவிட்டார்களே என்று சிலை வருத்தப்படுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே 'இருபத்தாறு' என்று அழகாக எழுத்தில் எழுதியிருந்தேன். கடையில் வேலை பார்க்கிற பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டி மேல எழுத்துலயாண்ணே எழுதியிருப்பாங்க?" என்றாள். அழித்து இலக்கத்தில் போட்டிருக்கிறேன்.